வடமொழிக்கு எந்த எழுத்து: எண் போட்ட தமிழா, நாகரியா, கிரந்தமா?

திருவஹீந்திரபுரத்தில் வேதாந்த தேசிகர் பாடிய ஹயக்ரீவ ஸ்தோத்ரத்தை ஒப்பித்தால் போதும் என்பவருக்கு, ஒலி வேறுபாட்டை எழுத்தின்மேல் சிறு எண்ணால் காட்டும் எண் போட்ட தமிழே போதும். கர என்றால் கை, க²ர கழுதை, க³ர நஞ்சு. பொருளைக் காப்பது அந்தக் குட்டி எண்தான். வாட்ஸ்அப்பில் எடுத்து ஒட்டினால் அது 'க2' என்று இறங்கிவிடும், அல்லது காணாமலே போகும். அகராதி பார்க்கும் நிலைக்கு வந்தவருக்கு இந்த முறை உதவாது.

மொழியையே கற்க வந்தவருக்கு நாகரிதான், அதாவது ஹிந்திக்கும் பயன்படும் தேவநாகரி. உயிர் 13, மெய் 33. குறில் எகரமும் ஒகரமும் கிடையாது. ஆப்தேயின் வடமொழி அகராதி, ராமாயணம், காளிதாசன் என எல்லாம் நாகரி அச்சில் எளிதாகக் கிடைக்கும். ஹிந்தி பிரசார சபா தேர்வு எழுதியவருக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், ஆனால் அவருக்குத்தான் ஒரு கண்ணி இருக்கிறது. ஹிந்திப் பழக்கத்தில் அகரத்தை விழுங்கிவிடுவார். ஹயக்ரீவ ஸ்தோத்ரத்தின் முதல் சுலோகம் அனுஷ்டுப் என்ற யாப்பு. பாதத்துக்கு, அதாவது கால் பங்குக்கு, 8 அசை; இங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. 'நிர்மலஸ்ப²டிகாக்ருதிம்' என்பதை 'நிர்மல்ஸ்ப²டிகாக்ருதிம்' என்று படித்தால் 7தான் வரும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலே பிழை பிடிபடும்.

வடமொழி எழுதத் தமிழகத்தில் வழங்கிய கிரந்தம் நம் கண்ணுக்கு நெருக்கம். க, ண, த, ந, ய, வ கிட்டத்தட்ட தமிழ் வடிவங்களே. அந்த நெருக்கமே ஏமாற்றவும் செய்யும். ஒற்றைக் கொம்பைப் பார்த்ததும் குறில் என்று படிக்கத் தோன்றும்; அங்கே அது நெடில் ஏகாரம். கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். 'தர்ம' என்பதில் வரும் ரகர ஒற்று நாகரியில் மகரத்தின் தலையில் ஏறும், கிரந்தத்தில் அதற்குப் பின்னால் நிற்கும். யூனிகோடில் கிரந்தம் சேர்ந்தது 2014இல்தான். எழுத்துரு நிறுவாத கைப்பேசியில் இன்றும் வெறும் கட்டங்களே தெரியும்.

இத்தனை தொல்லை எதற்கு என்றால், புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய புதுச்சேரியின் சைவச் சுவடிகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, அவற்றில் மிகுதியும் கிரந்தம். பல ஆகமங்களுக்கு (சைவ வழிபாட்டு நூல்களுக்கு) நாகரியில் எழுதிய காகிதப் படிகளும் உண்டு. ஆனால் படியெடுத்தவர் ஓர் எழுத்தை மாற்றிப் படித்திருந்தால் அந்தப் பிழையும் கூடவே வரும், ஓலையைப் பார்த்தால்தான் தீரும்.

கிரந்தத்தில் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. சந்தி, அதாவது சொற்கள் புணர்ந்த இடம், பிரிக்கத் தெரியாதவர் எழுத்தெல்லாம் தெரிந்தும் முதல் வரியிலேயே திணறுவார். நாகரியில் சப்த ரூபங்களும் (பெயர்ச்சொற்களின் வேற்றுமை வடிவங்களும்) சந்தியும் கைவந்த பிறகு, மனப்பாடமான சுலோகம் ஒன்றைக் கிரந்த அச்சில் எடுத்து எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பாருங்கள். ஓலை அதற்கும் பிறகு.