மகமைப் பணம் எதற்கு: கடுமையான தண்டனைக்கா, மீட்ட பிள்ளைக்கா?

காரைக்குடியில் எங்கள் கடைவீதி வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் பொது நிதியான மகமையில் ஆண்டுதோறும் ஒரு தொகை அறத்துக்கென்று ஒதுங்கும். இந்த ஆண்டு அதைக் குழந்தைக் கடத்தலுக்கு எதிரான வேலைக்குக் கொடுப்பது என்று முடிவானதும் இரண்டு யோசனைகள் வந்தன. கடத்துபவர்களுக்குத் தண்டனையைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து இயக்கம், மனு, வழக்கறிஞர் செலவு என்று ஒரு தரப்பு. மீட்கப்பட்ட பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், ஆற்றுப்படுத்துநர், நீதிமன்றத் துணை என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன், மகமையும் கடைசியில் அதையே ஏற்றது. ஏன் என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

இரண்டுமே தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கையில் இருக்கும் பணம் அளவானது, எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்தில் கடத்தல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு உருவம் கிடைக்கும். இங்கே யாரும் பிள்ளையை வாயைப் பொத்தித் தூக்கிச் செல்வதில்லை. சிவகங்கை, இராமநாதபுரம் சீமைக் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைக்காரர்கள், அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஆடுகளை ஓட்டிப் போவார்கள். மந்தைக்குப் பின்னால் நடக்க ஒரு பையன் வேண்டும். மருத்துவச் செலவிலோ கடனிலோ சிக்கிய குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தால் பையன் கிடைத்துவிடுகிறான். கீதாரிகள் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. செய்கிறவர்களுக்கு ஆள் பிடித்துத் தரும் தரகர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவராகவே இருப்பார். பெண் பிள்ளைகளைத் திருமணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி நூற்பாலைகளுக்குக் கூட்டிப் போன சுமங்கலித் திட்டமும், தென் மாவட்டப் பையன்களை வட மாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு ஏற்றி அனுப்புவதும் இதே வழிதான்.

இனி தண்டனைக்கு வருவோம். சட்டம் மென்மையாக இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கடத்தலைப் பொறுத்தவரை அது சரியில்லை. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு கடுமையாக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டுகள். இதே குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டனை பெற்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை. இதற்கு மேல் எதைக் கூட்டச் சொல்லி மனுக் கொடுப்பது?

ஆனால் கிடையிலிருந்து ஒரு பையன் மீட்கப்பட்டால் இந்தப் பிரிவு தானாக வழக்கில் ஏறிவிடுவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோடு வழக்கை நிறுத்திக்கொண்டால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் போட்டால் அதிகபட்சம் 3 ஆண்டுகள், அபராதமும் 2,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. இந்த 2,000 ரூபாயைத் திருத்தச் சொல்லி ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். தண்டனையைக் கூட்டச் சொல்பவர்களின் வாதத்தில் எனக்கு முழுமையாக உடன்பாடான இடம் இதுதான்.

மற்றபடி வராக்கடனுக்குப் பேரேட்டில் வட்டியைக் கூட்டி எழுதினால் பணம் வந்துவிடாது என்பது எங்கள் ஊரில் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். 10 ஆண்டு என்பதை 20 என்று மாற்றி எழுதுவதும் அப்படித்தான். சாட்சி கூண்டில் ஏறினால்தான் எந்த ஆண்டுக்கணக்கும் உயிர்பெறும். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் குழந்தைக் கடத்தல் வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஜாமீனை ரத்து செய்தபோது, இத்தகைய வழக்குகளை 6 மாதங்களுக்குள் முடிக்கும்படி சொன்னது. அது வலியுறுத்தியது வேகத்தை.

தண்டனை கூடும்போது வாய் அடைத்துப்போகும் ஒருவரும் இருக்கிறார், பையனின் தாய். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து வாங்கிப் போவதும் 143ஆம் பிரிவின்படி கடத்தல்தான். முன்பணம் வாங்கியது அவளே. 10 ஆண்டு, ஆயுள் என்ற சொற்கள் காதில் விழுந்ததும், அது தன்னையும் சேர்த்தா என்றுதான் அவள் முதலில் யோசிக்கிறாள். பிறகு காவல் நிலையத்துக்கும் போவதில்லை, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசுவதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது மீட்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடைப்பட்ட காலம். அந்தக் காலத்தில் பிள்ளையை யார் தாங்குகிறார்கள் என்பதில்தான் வழக்கும் பிழைக்கிறது, பிள்ளையும் பிழைக்கிறான்.

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிடையிலிருந்து திரும்பிய ஒரு பையன் வீட்டுக்குப் போயிருந்தோம். குதிகால் இரண்டிலும் கருவேல முள் ஏறி ஆறி மறுபடி வெடித்த தழும்புகள். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காராமல் கம்பை ஊன்றுகிறவனைப் போல ஒரு காலில் எடையைப் போட்டு நின்றுகொண்டிருந்தான். ஆடு கத்தாத வீட்டில் தூக்கம் வரவில்லை என்று சொன்னான். பள்ளியில் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார வெட்கம், அதனால் போகவில்லை. அவன் அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, கேஸ் நடக்கிறபடி நடக்கட்டும். முன்பணம் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்ல வேண்டும்? அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்."

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. கொத்தடிமைக் கடன் ஒழிந்துபோனது, அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்று 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தப் பதிலை அவளுக்குச் சொல்ல யாரும் வந்திருக்கவில்லை. யாரும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? தரகர் வருவார், கடனைப் பேசுவார், ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துச் சமாதானம் பேசுவார். வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் கட்டணம் போகும். இரண்டு மூன்று வாய்தா தள்ளிப்போனதும் தாய் சோர்ந்துவிடுவாள். பையனை மறுபடி எங்கேயாவது வேலைக்கு அனுப்பிவிடுவாள். சாட்சி சொல்ல வேண்டியவன் வேறு மாவட்டத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும்போது 10 ஆண்டுத் தண்டனைப் பிரிவு யாருக்கு உதவும்?

அரசு உதவிகள் இல்லாமலில்லை. கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, குழந்தைகளுக்கு மொத்த உதவி 2 லட்சம் ரூபாய். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் தகுதியான பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடும் கேட்கலாம். ஆனால் மறுவாழ்வுத் திட்டத்தின் கதவு திறக்க, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டதைக் காட்டும் விடுதலைச் சான்றிதழ் வேண்டும், வத்சல்யாவுக்குக் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளை நிற்க வேண்டும், எதற்கும் வயதுச் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும். மறுவாழ்வுத் தொகையின் பெரும்பகுதி வழக்கின் போக்கோடு பிணைந்தும் கிடக்கிறது. வயதுச் சான்று சின்ன விஷயமல்ல. 14 வயது தாண்டியவர்களை ஆபத்தில்லாத வேலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதால், பிடிபட்டவர் முதலில் சொல்வது பையனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது என்பதுதான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு நகல் அந்தப் பேச்சை முறித்துவிடும். அதை எடுத்துவர ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். மகமைப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த ஆளின் சம்பளம் என்று நான் வாதாடினேன்.

இதை எல்லா வகைக் கடத்தலுக்கும் பொருத்திச் சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கொஞ்சமாவது நேரில் தெரிந்தது கிடைப் பையன்கள் விஷயம் மட்டுமே. பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்ட சிறுமிகளின் வழக்குகளில் குற்றவாளிகளின் பணபலமும் மிரட்டலும் வேறு தரம். அங்கே ஜாமீனைத் தடுப்பதும் வழக்கறிஞருக்குச் செலவழிப்பதும் முதலிடத்துக்கு வரலாம். காப்பகம் நடத்தும் அனுபவமும் எங்களுக்கு இல்லை, அதனால் அந்தப் பக்கம் பணம் போடவில்லை.

தேசிய அளவிலும் இதே இழுபறி உண்டு. 2018இல் மக்களவையில் நிறைவேறிய ஆள் கடத்தல் தடுப்பு மசோதா கடும் தண்டனையோடு மறுவாழ்வு நிதியையும் சேர்த்தே வைத்திருந்தது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019இல் காலாவதியானது. அப்படியொரு சட்டம் மறுபடி வந்தால், பேச்சு தண்டனைப் பக்கமே சாய்ந்து நிதிப் பகுதி மெலிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

இப்போதைக்கு மகமைக் கூட்டத்தில் மூன்று செலவுகளுக்கு ஒதுக்கினோம். வீடுவீடாகப் போய்க் காகிதங்களைச் சேர்த்து அலுவலகங்களுக்கு அலையும் ஒரு முழுநேரப் பணியாளரின் சம்பளம், வாய்தா நாளில் தாய்க்குக் கூலியும் பஸ் கட்டணமும், பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு மாலை நேரத் தனிப்பாடம். 2,000 ரூபாய் அபராதத்தைத் திருத்தக் கோரும் தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் நிறைவேற்றிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பியிருக்கிறோம். அதற்குத் தபால் செலவைத் தவிர வேறெதுவும் ஆகவில்லை.