ஊர் மன்றமும் ஆணைத் தலைவரும்: இக்போ நாட்டின் இரு ஆட்சிமுறைகள்

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இன மக்களின் ஊர்கள் பெரும்பாலானவற்றில், ஆங்கிலேயர் வரும்முன், மன்னர் இருக்கவில்லை. ஒனிச்சா போன்றவை விதிவிலக்கு. மூத்தவர் கோலாக் கொட்டையை உடைத்து முன்னோரை வேண்டியபின், ஆண்கள் கூடி, கருத்து ஒருமிக்கும்வரை விவாதித்து முடிவெடுத்தனர். பெண்களுக்கும் தனி மன்றங்கள் இருந்தன. தாமதம் நேர்ந்தாலும் முடிவு ஊராருடையது.

ஆங்கிலேயர் நியமித்த ஆணைத் தலைவரோ, கையிலிருந்த நியமன ஆணைத் தாளின் பலத்திலேயே தீர்ப்பு வழங்கினார். வேகம் கூடியிருக்கலாம், ஊருக்குப் பதில்சொல்லும் கடமை போயிற்று. 1929 நவம்பரில், ஒலோகோ என்ற ஊரில் செம்பனை எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த கைம்பெண் ந்வான்யேருவாவிடம், ஆட்களையும் ஆடுகளையும் எண்ணிச் சொல்லுமாறு தலைவரின் ஆள் கேட்டான். பெண்களுக்கும் வரி வருகிறதென்ற அச்சம் போராட்டமாக வெடித்தது. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அப்போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றவை, அதிகாரிகள் பொருட்படுத்தாத அதே பெண்கள் மன்றங்களும் சந்தைகளுமே.