பாம்பேயா, ஹெர்குலேனியமா?

இத்தாலியின் நேப்பிள்ஸில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும், எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பாம்பேய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அதே சர்க்கம்வெசுவியானா ரயில் பாதி வழியில் எர்கொலானோவில் நிற்கிறது. அதே மாதிரி புதைந்த இன்னொரு ஊரான ஹெர்குலேனியம் அங்கேதான் இருக்கிறது. நேரம் அரை நாள்தான் என்றால் அங்கே இறங்குங்கள் என்பதே என் கட்சி.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இரண்டு ஊர்களும் புதைந்தன, ஆனால் புதைந்த விதம் வேறு. பாம்பேய் மேல் நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்கில் கொட்டின. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. அதனால் இன்று அங்கே பெரும்பாலும் கூரையில்லாத சுவர்களைத்தான் பார்க்கிறோம். ஹெர்குலேனியத்தைக் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலையலையாக மூடி, சுமார் 20 மீட்டர் உயரத்துக்குப் பாறையாக இறுகின. காற்றுப் புகாததால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி நின்றுவிட்டது.

இதனால் என்ன வித்தியாசம் என்றால், ஹெர்குலேனியத்தில் மாடி இருக்கிறது, உத்தரம் இருக்கிறது, கதவு இருக்கிறது. ஒரு வீட்டில் கூடத்தை மறைக்கும் மரத் தடுப்பு, கரிக்கட்டையாகக் கறுத்து, வெண்கலப் பொருத்துகளோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. வந்தவரை எந்த இடத்தோடு நிறுத்தினார்கள் என்பது அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். கீழே பழைய கடற்கரையில், படகுக் கொட்டில்களில் சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1980-களில் அவை வெளிவரும் வரை, ஊர்க்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்றே ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள்.

சரி, பாம்பேய் எதில் ஜெயிக்கிறது? ஊர் என்கிற முழுமையில். மன்றம், நாடக அரங்கு, மாவரைக்கும் கல்லோடு ரொட்டிக் கடை, பெரிய வட்டரங்கு என எல்லாம் உண்டு. தெருவைக் கடக்கக் குறுக்கே உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் போக அவற்றுக்கிடையே இடைவெளி, பக்கத்திலேயே சக்கரம் தேய்த்த தடம். அங்கே குனிந்து பார்க்காமல் நகராதீர்கள். 1863-இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி, உடல்கள் மக்கி விட்டுப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த வார்ப்புகளும் இங்கேதான்.

ஆனால் பாம்பேய் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை, இருந்தும் முழுக்கப் பார்க்க ஒரு நாள் போதாது. நிழல் குறைவு, கல் பாவிய தெரு, கூட்டமும் அதிகம். வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் கோடையில் ரொம்பவே கஷ்டம். தோண்டிய ஹெர்குலேனியமோ ஐந்து ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நிதானமாகவே பார்க்கலாம். தோண்டாத பகுதிக்கு மேல் இன்றைய ஊர் குடியிருக்கிறது.

முழு நாள் இருந்தால் காலையில் பாம்பேயின் முக்கிய இடங்கள், திரும்பும் வழியில் ஹெர்குலேனியம். ஊரின் அமைப்பு பிடிபட்ட பிறகு வீட்டுக்குள் நுழைவது நல்லது. ரோமை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு ஓஸ்தியா அந்திகா இருக்கிறது. செங்கல் அடுக்குமாடிகள் உள்ள அந்தத் துறைமுக ஊர் அரை மணி ரயில் தூரம்தான்.

எங்கே போனாலும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். பாம்பேயில் ஒரு வீட்டுத் தரையில் சிறு கற்களால் பதித்திருந்த அலெக்சாண்டர் மொசைக் ஓவியம் அங்கேதான் இருக்கிறது, அந்த வீட்டில் இப்போது இருப்பது நகல். 1938-இல் பாம்பேயில் கிடைத்த, 'பாம்பேய் லட்சுமி' என்று பெயர் பெற்ற இந்தியத் தந்தச் சிலையும் அந்த அருங்காட்சியகத்துக்கே உரியது. யட்சி என்றும் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.