ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர்: இரண்டு குளிர்காலம் கடற்கரையில் பயன்படுத்திய பிறகு

கடலுக்குள் தனித்து நிற்கும் பாறைத் தூண்களைப் படம் எடுக்கத்தான் இதை வாங்கினேன். என்டி ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி. வெளிச்சத்தைக் குறைத்து, ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க விடும். 77 மி.மீ., திருகி மாட்டும் வகை, பித்தளை வளையம். அதற்கு முன் பல வருடம் 10 ஸ்டாப் ஃபில்டர்தான் வைத்திருந்தேன். இப்போது அதை எடுப்பதே அபூர்வம்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். 6 ஸ்டாப் வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும். 10 ஸ்டாப் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக. மேகம் மூடிய காலையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/11 வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 ஸ்டாப் மாட்டினால் 1 நொடி. 10 ஸ்டாப் என்றால் 17 நொடி.

அந்த 17 நொடியில் கடல் வெறும் வெண்புகையாகிவிடும். பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு மனசு ஒட்டவில்லை. அந்தத் தூணைச் செதுக்கியதே அலைதானே! குன்றின் விரிசலில் அறைந்து அறைந்து குகையாக்கி, குகையைக் குடைந்து வளைவாக்கி, வளைவின் கூரை இடிந்து விழுந்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் அந்தத் தூண். அதையும் அலை விட்டுவைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ பாறைகளில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தே போனது. பாறை மட்டும் இருந்து அலை இல்லாத படம் எனக்குப் பாதிக் கதையாகத்தான் தெரிகிறது.

ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கரையில்தான் இந்த ஃபில்டரின் அருமை புரிந்தது. மணலும் கறுப்பு, தூரத்தில் நிற்கும் பசால்ட் தூண்களும் கறுப்பு. அலை ஏறி வரும்போது எடுத்தால் முன்னால் வெள்ளைத் திட்டுதான் விழுகிறது. திரும்பி இறங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அரை நொடி திறந்தால், நுரை கோடு கோடாக இழுபட்டுத் தூண்களை நோக்கி ஓடுகிறது. முப்பது, நாற்பது படம் எடுத்தால் ஒன்று சரியாக அமையும்.

இன்னொன்று, இதை நான் பெரிதாகவே சொல்வேன். 10 ஸ்டாப் என்றால் மாட்டியபின் காட்சி இருண்டுவிடும், அதனால் முதலில் ஃபோகஸ் செய்து, பூட்டி, அப்புறம் ஃபில்டரைத் திருக வேண்டும். கோணம் மாறினால் மறுபடி கழற்ற வேண்டும். அவ்வளவு நேரமும் கண் லென்ஸில் இருக்கும், கடலில் இருக்காது. ரெய்னிஸ்ஃபியாராவில் திடீரென உள்ளே பாய்ந்து வரும் அலைகள் உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. 6 ஸ்டாப் மாட்டியபடியே என் மிரர்லெஸ் கேமராவில் காட்சி தெரிகிறது, விடிந்த பிறகு ஆட்டோஃபோகஸும் பிடிக்கிறது. ஒருமுறை மாட்டிவிட்டால் கையை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கலாம்.

நிறம் லேசாக மஞ்சள் பக்கம் சாய்கிறது. ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பில்) ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, நகர்த்தினால் சரியாகிவிடும். பழைய ஃபில்டரின் நீலம் ஈரப் பாறையின் பளபளப்பில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

குறைகளும் உண்டு. தண்ணீர் ஒட்டாத பூச்சு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பெரிய துளி உருண்டு விழுகிறது, உண்மைதான். ஆனால் உப்புச் சாரல் மெல்லிய படலமாகப் படிகிறது. அதை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகு மைக்ரோஃபைபரால் துடைக்கிறேன். வளையம் கொஞ்சம் தடிமன். 16 மி.மீ. அகலக் கோண லென்ஸில் இதன் மேல் போலரைசரும் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டினால் மூலைகள் இருண்டுவிடுகின்றன. கூட வந்த மூடி தளர்வு. இரண்டாவது பயணத்திலேயே தொலைந்துவிட்டது. பித்தளை வளையம் மட்டும் ஏமாற்றவில்லை. முன்பு வைத்திருந்த அலுமினிய வளையம் உப்பேறி லென்ஸோடு இறுகிக்கொண்டது. இது இன்றுவரை கையால் திருகினாலே கழன்று வருகிறது.

உச்சி வெயிலில் எடுப்பவர்களுக்கு இது போதாது. ஷட்டர் 1/500 காட்டும் வெளிச்சத்தில் இது 1/8 நொடிக்குத்தான் கொண்டுவரும், அலை அரைகுறையாகக் கலங்கித் தெரியும். அங்கே 10 ஸ்டாப் 2 நொடி தருகிறது. அதற்காகவே பழையதை இன்னும் பையில் வைத்திருக்கிறேன்.