பெங்களூரில் கொம்பி வேனுக்கு சைலன்சர் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

1971 மாடல் ஃபோக்ஸ்வாகன் வேன் (கொம்பி என்பது இதுதான்), 1600 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின். தெற்கு பெங்களூரில் ஒரு பட்டறையில் சைலன்சர் மாற்ற விட்ட வண்டி. சைலன்சர், கூலி, பிறகு தேவையே இல்லாத கார்பரேட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து பில் 31,000 ரூபாய். இரண்டே வாரத்தில் வண்டி படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவை கீழே. இதே வேலைக்கு வண்டி விடப்போகிறவர்கள் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்.

முதல் ஏமாற்று சைலன்சரிலேயே இருக்கிறது. பீட்டில் என்பது அதே ஃபோக்ஸ்வாகனின் சின்னக் கார். "ரெண்டும் ஒரே இன்ஜின்தான் சார், பீட்டில் சைலன்சரே அப்படியே உட்காரும்" என்பார்கள். பாதி உண்மை. இன்ஜின் பக்கம் சேரும் நான்கு வாய்களும் பொருந்தும். ஆனால் பீட்டிலுக்குப் பின்னால் இரட்டைக் குழாய், வேனுக்கு ஒற்றைக் குழாய். பம்பரில் இடிக்கிறது என்று இரண்டையும் அறுத்து, ஒன்றை அடைத்து, மற்றதை வளைத்து வெல்டிங் வைத்திருந்தார்கள். பில்லில் மட்டும் "கொம்பி ஸ்டெயின்லெஸ்". வெல்டிங் ஓரத்தைச் சுரண்டினால் வெள்ளிப் பெயின்ட், அதற்குக் கீழே செம்பழுப்புத் துரு. காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். சுரண்டிப் பார்ப்பதுதான் நம்பகமானது.

அடுத்தது ஸ்டட், அதாவது ஹெட்டில் (சிலிண்டரின் மூடிப்பகுதி) முறுக்கி நிறுத்திய தலையில்லாத போல்ட். பெரிய நஷ்டம் இங்கேதான். பின்பக்க 2, 4 சிலிண்டர் வாய்களில் சைலன்சரை நேராக ஹெட்டில் பிடிப்பவை 8 எம்எம் ஸ்டட்கள், வாய்க்கு இரண்டு. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. ஐம்பது வருஷச் சூட்டில் நட்டும் ஸ்டட்டும் ஒன்றாகிப் போயிருக்கும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். மறுநாள் நட்டை மட்டும் சூடுபடுத்தி, முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். அசையவில்லை என்றால் நட்டைப் பிளந்து எடுப்பதே மேல். நட்டு போனால் சில்லறைக் காசு, ஸ்டட் முறிந்தால் ஹெட்டுக்கே கேடு.

இந்த வண்டியில் நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டித் திருகியிருக்கிறார்கள். 2-ஆம் சிலிண்டர் வாயின் கீழ்ப்பக்க ஸ்டட் முறிந்தது. அதை ட்ரில் போட்டு எடுக்கப் பார்த்ததில் துளை மையம் விலகி அலுமினியத்தைத் தின்றுவிட்டது. ஓனரிடம் வாயே திறக்கவில்லை. ஒரே ஸ்டட்டில் வாயைப் பிடித்து, புகை கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டைச் சுற்றிச் சிவப்பு சிலிகான் பசை பூசி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிலிகான் தாங்குவது 300 டிகிரி சொச்சம். எக்ஸாஸ்ட் வாயில் சூடு அதை எளிதாகத் தாண்டும். நூறு கிலோமீட்டருக்குள் கருகி உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் எந்தப் பசைக்கும் வேலை இல்லை, புது கேஸ்கெட் மட்டும்தான்.

நட்டையும் பாருங்கள். அங்கே போட வேண்டியது செம்பு பூசிய லாக் நட், பெரும்பாலும் 12 எம்எம் ஸ்பேனர் பிடிக்கும். ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதா இரும்பு நட்டுக்கு 13 வேண்டும். 13 ஸ்பேனர் பொருந்துகிறதா, சாதா நட்டு போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அது அடுத்த முறை கழலாது.

முன்பக்க 1, 3 சிலிண்டர்களின் புகை, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (புகையின் சூட்டில் ஹீட்டருக்கான காற்றைச் சூடாக்கும் பெட்டி) வழியாக வந்து சைலன்சரில் சேரும். அந்த இணைப்புக்குச் சீல் வளையமும் இரண்டு துண்டுக் கிளாம்பும் உண்டு. இவர்கள் அங்கேயும் வெல்டிங். இனி சைலன்சரை எடுக்க ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அறுக்க வேண்டும். அது ஓட்டையானால் புகை, ஹீட்டர் குழாய் வழியாக உள்ளேயே வரும். பெங்களூரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஹீட்டர் கேபிள் துருப்பிடித்து அதன் மூடி திறந்தபடியே நிற்கும் வண்டிகள் ஏராளம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

மாட்டும் முறை: கேஸ்கெட் இல்லாமல் வெறும் சைலன்சரை ஒருமுறை வைத்துப் பாருங்கள். நான்கு வாயும் தானாக உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் நட்டு போட்டு இழுக்கக் கூடாது, அந்த இழுப்பு முழுவதும் ஸ்டட்டில் ஏறும். உட்கார்ந்தால் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றி சுமார் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, கிளாம்பைக் கடைசியில் இறுக்குங்கள். ஒருமுறை ஓட்டி, முழுதாக ஆறிய பிறகு மீண்டும் ஒரு பார்வை.

இதையெல்லாம் விட மோசம், தகரம். சைலன்சரை எடுக்க இன்ஜினின் பின்பக்கத் தகரத்தையும், ஃபேன் கூட்டிலிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு இறங்கும் இரண்டு ஹோஸையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இந்த வண்டியில் இரண்டுமே திரும்பி வரவில்லை. "அது சும்மா கவர்தானே" என்று பதில். அந்தத் தகரம்தான் சைலன்சரின் அனலை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. அது இல்லையென்றால் ஃபேன் அதே அனலை உறிஞ்சி சிலிண்டர் மேல் ஊதும். ஹோஸ் வாய்கள் திறந்து கிடந்தால் குளிர்விக்க வேண்டிய காற்று வெளியே வீணாகும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டாம் என்று வெறும் ஜே பைப் போடுபவர்களும் அந்த இரண்டு வாயையும் மூடியே ஆக வேண்டும்.

கியர் குறைத்து ஹெப்பால் மேம்பாலத்தில் இறங்கும்போது பட்பட் என்று வெடித்த சத்தத்துக்குத்தான் அந்த கார்பரேட்டர் பில். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டை மாற்றியும் சத்தம் போகவில்லை. எப்படிப் போகும்? ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோலோடு சேர்ந்து சைலன்சருக்குள் வெடிக்கிறது. சோதிப்பது சுலபம்: காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மடித்த கோணியால் புகைக்குழாயை ஒரு நொடி அடைத்துப் பிடியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் உஸ் என்று கேட்கும். வாயைச் சுற்றிக் கரும்புகைக் கறை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பட்டறையில் கேட்டதற்கு, ஸ்டட் "ஏற்கெனவே முறிந்துதான் இருந்தது" என்றார்கள். வண்டி விடும் அன்றே கீழே படுத்து ஒவ்வொரு ஸ்டட்டையும் தகரத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். இந்த வண்டியின் அசல் சைலன்சரும் தகரமும் "ஸ்க்ராப்பில் போய்விட்டது". இன்ஜினை இறக்கி, 2-ஆம் சிலிண்டர் பக்க ஹெட் இப்போது லேத்தில் இருக்கிறது. துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி, ஒரு பக்கம் 10, மறுபக்கம் 8 எம்எம் உள்ள படி ஸ்டட் போடப்போகிறார்கள். தகரம் இன்னும் கிடைக்கவில்லை.