பறக்கும் அளவு மாதிரி ராக்கெட்: பிளாஸ்டிக் கிட்டா, அட்டைக் குழாயா, முப்பரிமாண அச்சா?

நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மாதிரி அலமாரியில் நிற்பதைப் பார்த்தால், இது பறந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை யாருக்கும் வரும். அதற்கு வழிகள் சில இருக்கின்றன. காட்சிக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கிட்டையே பறக்கும்படி மாற்றலாம். பறப்பதற்கென்றே வரும் அட்டைக் குழாய் கிட்டை வாங்கி அதில் நுணுக்கங்களைச் சேர்க்கலாம். பாகங்களை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடலாம். துணிந்தவர்கள் வரைபடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்கிறார்கள். இவற்றை ஒப்பிடும்போது பலரும் மொத்த எடையைத்தான் பார்க்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. எடை ராக்கெட்டின் எந்த முனையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

காரணம் எளிது. ராக்கெட் நேராகப் பறக்க, எடை மையம் (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி) அழுத்த மையத்துக்கு (காற்றின் விசைகள் எல்லாம் சேர்ந்து செயல்படும் புள்ளி) முன்னால், குறைந்தது உடல் விட்டம் ஒன்றின் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். நிஜ சாட்டர்ன் 5-இன் உயரம் 110.6 மீட்டர், விட்டம் சுமார் 10 மீட்டர். 1/144 அளவில் அது 77 செ.மீ. உயரமும் 7 செ.மீ. விட்டமும் ஆகிறது. அதாவது 7 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆனால் அடியில் இருக்கும் நான்கு துடுப்புகளும் சின்னவை. அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்க அவற்றுக்குப் பலம் போதாது. ஐந்து எஃப்-1 எஞ்சின் கூம்புகள், அவற்றை மூடும் உறைகள், நாம் செருகும் திட எரிபொருள் மோட்டார் என்று கனமானதெல்லாம் அதே வால் பக்கத்தில் குவிந்திருக்கிறது. இனி ஏற்ற இறக்கப் பலகைக் (சீசா) கணக்குதான்: சமநிலைப் புள்ளிக்கு 30 செ.மீ. பின்னால் 20 கிராம் கூம்புகள் இருந்தால், 35 செ.மீ. முன்னால், விண்கலக் கூம்புக்குள் சுமார் 17 கிராம் வைத்தால்தான் ஈடாகும். 20 கிராம் அழகுக்கு 37 கிராம் சுமக்கிறோம்.

பிளாஸ்டிக் கிட்டின் கவர்ச்சியை மறுக்க முடியாது. தகட்டு இணைப்புக் கோடுகளும் நெளிவுகளும் வார்ப்பிலேயே வந்துவிடும். அட்டையில் அதைக் கொண்டுவர வாரக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். பாரசூட்டை வெளித்தள்ள மோட்டார் கக்கும் சூடான வாயு அதன்மேல் நேரடியாகப் படக்கூடாது. ஆகவே மோட்டாரிலிருந்து உடல் பிரியும் இடம் வரை உள்ளே ஓர் அட்டைக் குழாய் ஓட வேண்டும். கிட் ஒட்டும் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது. அட்டையை அது பிடிக்காது. அங்கே உட்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எபாக்ஸி பசை போட வேண்டும். பிரியும் இடத்தை நிஜ ராக்கெட்டில் கட்டங்கள் பிரியும் கோட்டிலேயே வைத்துக்கொண்டால் வெட்டுத் தெரியாது.

மோட்டாரிலும் தாராளம் காட்டியாக வேண்டும். 18 மி.மீ. விட்டமுள்ள சி6 ரக மோட்டார் சுமார் 113 கிராம் வரைதான் தூக்கும். 24 மி.மீ. டி12-3 என்றால் கிட்டத்தட்ட 396 கிராம் வரை போகலாம். டி12 எரியத் தொடங்கியதும் 30 நியூட்டனை ஒட்டி ஒரு உச்சம் தொட்டுவிட்டு இறங்குகிறது. கனமான மாதிரி ஏவும்போது வழிகாட்டும் கம்பியை விட்டு வெளியேறும் முன் வேகம் பிடிப்பது அந்த முதல் உதையால்தான். டி12-3 என்பதில் கடைசி எண், மோட்டார் எரிந்து முடிந்தபின் பாரசூட்டை வெளித்தள்ளும் வரையிலான தாமத விநாடி. கனமான மாதிரிக்கு 3 போன்ற குறைந்த தாமதம்தான் சரி. நீண்ட தாமதம் போட்டால் மூக்கு கீழே திரும்பி வேகமெடுத்த பிறகு பாரசூட் விரிந்து கிழியும்.

எந்த ராக்கெட்டின் பிளாஸ்டிக் கிட்டை மாற்றுவது? இங்கே என் தேர்வு இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் ஏவுகணையான வி-2. நிஜத்தில் 14 மீட்டர் நீளம், 1.65 மீட்டர் விட்டம். 1/35 அளவில் 40 செ.மீ. நீளம், 4.7 செ.மீ. விட்டம். நான்கு துடுப்புகளும் பெரியவை, பிறகு ஒட்டவைத்தது போல இல்லாமல் ராக்கெட்டின் உருவமே அவைதான். நீண்டு கூர்ந்த மூக்கு உள்ளே வெற்றாக இருப்பதால் ஈடுகட்டும் எடையை ஆகக்கூடிய முன்முனையில் வைக்கலாம். டைட்டன் 2, பிஎஸ்எல்வி போன்றவற்றுக்குப் பெரிய துடுப்புகள் கிடையாது. அவற்றுக்கு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டில் துடுப்பு வெட்டி, கழற்றி மாட்டும்படி பொருத்துவது வழக்கம். பறக்கும்போது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, அலமாரிக்குத் திரும்பியதும் கழற்றிவிடலாம். அசல் வடிவம் மாறக்கூடாது என்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடுத்தது பறக்கும் கிட். எஸ்டெஸ் நிறுவனத்தின் 1/100 சாட்டர்ன் 5 பிரபலமானது, சுமார் 110 செ.மீ. உயரம். உடல் அட்டைக் குழாய்; நெளிந்த பகுதிகளுக்கு வெற்றிட முறையில் வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் உறைகள். காட்சிக்கான எஞ்சின் கூம்புகளைப் பறக்கும்போது கழற்றிவிடலாம், 20 கிராம் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. பால்சா மரத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.16 கிராம் அளவில், பாலிஸ்டைரீன் 1.05. இப்படிப் பறக்கும் கிட்களில் துடுப்பு பால்சாவில் இருந்தால் அதன் பலன் வால் முனையில் நேரடியாகத் தெரியும்.

குறை என்ன? பால்சாவின் இழைகளையும் குழாயின் சுருள் பள்ளத்தையும் நிரப்பித் தேய்த்தாக வேண்டும். அலுப்பான வேலை, அதைக் குறுக்குவழியில் முடித்தவர்களின் மாதிரி முதல் பூச்சிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நுணுக்கம் சேர்க்கும்போது ஒரு தந்திரம் உண்டு: தாராளமாக எடை கூட்டுவதெல்லாம் முன்பக்கத்தில். விண்கலக் கூம்பைக் கனமான ரெசினில் வார்த்தாலும் அது நமக்கு லாபம்தான். விண்கலத்தின் உச்சியில் நிற்கும் தப்பிக்கும் கோபுரத்தைப் பித்தளைக் கம்பியில் செய்தால் இன்னும் லாபமே என்று தோன்றும். வேண்டாம். மூக்கு, உடல், துடுப்பு எல்லாம் உலோகமற்ற இலேசான பொருளில் இருக்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் பாதுகாப்பு விதி.

முப்பரிமாண அச்சைப் பற்றிக் கொஞ்சம் மிகையாகவே பேசப்படுகிறது. அச்சிடப் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையின் அடர்த்தி 1.24, பாலிஸ்டைரீனை விட அதிகம். 60 டிகிரியை ஒட்டியே அது இளகும், வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் வைத்தாலே வளையலாம். உடல் முழுவதையும் அதில் அச்சிட்டால் பிளாஸ்டிக் கிட்டின் தொல்லைகள் எல்லாம் கூடுதலாகவே வரும். ஆனால் மூக்குப் பகுதி, கட்டங்களை இணைக்கும் சரிவுகள், வார்ப்புக்கான மூல அச்சு, இவற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. குழாயை அட்டையிலேயே விட்டுவிடுங்கள்.

சொந்தத் தயாரிப்பு தனி உலகம். உலக விண்மாதிரி சாம்பியன்ஷிப் 1972-இல் யூகோஸ்லாவியாவின் வர்ஷாத்ஸ் நகரில் தொடங்கியது. அதன் எஸ்7 பிரிவில் ஆவணங்களோடு ஒப்பிட்டு மாதிரிக்கு ஒரு மதிப்பெண், பறப்புக்கு ஒரு மதிப்பெண். அச்சுருளையின் மேல் மெல்லிய கண்ணாடி இழை சுற்றி எடுத்த ஓடு, அட்டையை விட மெலிசு, உறுதி அதிகம். முதல் ராக்கெட்டாக இதைத் தொடுவது வீண். நிஜ ராக்கெட்டின் அளவுகளையும் படங்களையும் சேகரிப்பதிலேயே உற்சாகம் வடிந்துவிடும்.

எந்த வழியானாலும், ராக்கெட் பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1960களில் வகுத்த சமன்பாடுகளைக் கொண்டு அழுத்த மையத்தைக் கணக்கிட வேண்டும். ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்து தருகிறது. அப்புறம், பெயின்ட் அடித்து முடித்த மாதிரியை மோட்டாரோடு ஒரு மெல்லிய விளிம்பின் மேல் சமநிலையில் நிறுத்தி எடை மையத்தை நிஜமாகவே அளந்து அதில் உள்ளிடுங்கள். பெயின்ட்டும் எபாக்ஸியும் எவ்வளவு ஏறின என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

ஆக, முதல் முறை செய்பவருக்கு நான் பறக்கும் கிட்டைத்தான் கையில் கொடுப்பேன். வி-2 பிளாஸ்டிக் கிட் ஏற்கெனவே இருந்தால் அதை இரண்டாவதாக எடுக்கலாம். 1/144 பிளாஸ்டிக் சாட்டர்ன் அலமாரியிலேயே நிற்கட்டும்.

தரையிறங்கும்போதும் இவை வேறு வேறு விதமாக உடைகின்றன. பால்சா துடுப்பு ஒட்டிய இடத்தில் பிய்ந்தால் மறுபடி ஒட்டி அன்றே ஏவலாம். அச்சிட்ட பாகம் அடுக்கு வழியே பிளக்கும், இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். பாலிஸ்டைரீன் துடுப்பு வேரில் விரிசல் விட்டு உடையும், துண்டு புல்லுக்குள் போய்விட்டால் கிட்டில் வேறு துடுப்பு இருக்காது. பிளாஸ்டிக் கிட்டை மாற்றுபவர்கள் முதல் ஏவுதலுக்கு முன்பே ஒரு துடுப்பைச் சிலிகோன் அச்செடுத்து, ரெசினில் இரண்டு உதிரி வார்த்து வைத்துக்கொள்வது நல்லது.