ஆட்டோமேட்டிக் பிக்கப்பை மேனுவலாக மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறையில் வண்டியை விடும் முன்

"கியர்பாக்ஸ் போச்சு சார். இதுக்கு மேல காசு கொட்டாதீங்க. மேனுவல் போட்டுடலாம், நாலு நாள்ல வண்டி உங்க கையில."

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் நனைந்த ஒரு டீசல் பிக்கப்பின் உரிமையாளரிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது. வண்டி ஃபோர் வீல் டிரைவ், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், சென்னை வேளச்சேரியில் சக்கரம் மூழ்க நின்றது. பேசிய தொகை 1,60,000 ரூபாய். "அது வேற, இது வேற" என்று ஏறி ஏறி 2,45,000-இல் முடிந்தது. மூன்றே மாதத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்றது, கிளட்ச் வழுக்கியது, எஞ்சின் சூடேறியது. வேறொரு பட்டறையில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கியபோது உள்ளே இருந்ததும் இல்லாததும்தான் இந்தப் பதிவு. பட்டறையின் பெயர் தேவையில்லை, இதே வேலையை இதே மாதிரி செய்யும் இடங்கள் இன்னும் உண்டு.

முதலில், கியர்பாக்ஸ் உண்மையிலேயே போயிருந்ததா? அந்தப் பட்டறை ஆதாரமாகக் காட்டியது போன் திரையில் ஒரு வரி: பி0700. இந்தக் கோடுக்குக் கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. "என்னிடம் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, வந்து பார்" என்று கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் தகவல், அவ்வளவுதான். கோளாறு என்ன என்பது அந்தக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரான டி.சி.எம். உள்ளே தனிக் கோடாக இருக்கும். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சினோடு மட்டும் பேசும், டி.சி.எம்.முக்குள் நுழையாது. அதனால் பி0700-ஐ மட்டும் காட்டி முடிவு சொல்கிறவர் ஒன்றையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஒரு சாலினாய்டு (ஆயில் பாதையைத் திறந்து மூடும் மின் வால்வு) கோடாக இருக்கலாம். தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த கனெக்டராகவும் இருக்கலாம், வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இது சாதாரணம்.

அடுத்தது ஆயில். டிப் ஸ்டிக் இருந்தால் அதில், இல்லாவிட்டால் லெவல் பிளக்கைத் திறந்து உங்கள் கண்ணெதிரே ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை, எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பாக, தெளிவாக இருந்தால் தண்ணீர் போகவில்லை. கருத்து, கருகிய வாடை வந்தால் உள்ளே பிளேட் தேய்ந்திருக்கிறது. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. ரோஸ்மில்க்குக்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரிடம் வண்டியை விடாதீர்கள். ஒன்று, கியர்பாக்ஸ் காற்று விடும் பிரீதர் குழாய் வழியாக வெள்ளத் தண்ணீர் போனது. மற்றது, ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போனது. எப்படிப் போனாலும், அந்த ஆயிலோடு ஓட்டிய வண்டியில் உள்ளே இருக்கும் ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகள் தாங்காது. அவற்றின் லைனிங் காகிதம் போன்ற பொருள், பசையில் ஒட்டியது, தண்ணீர் பட்டால் உரிந்து வரும். அப்போது ஓவர்ஹால் அல்லது மாற்று கியர்பாக்ஸ் என்று பேசுவது நியாயம்.

இந்த வண்டியில் நடந்தது இரண்டாவது வழி. அந்தப் பட்டறை அதைக் கவனிக்கவே இல்லை. ஆட்டோமேட்டிக்கை இறக்கியதும் ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ஏ.டி.எஃப். குழாய்களையும் அறுத்து, பிளையரால் நசுக்கி, மடித்து விட்டார்கள். விரிசல் ரேடியேட்டரில் அப்படியே இருந்தது. எஞ்சின் சூடாகி ரேடியேட்டரில் பிரஷர் ஏறும்போதெல்லாம் கூலன்ட் விரிசல் வழியாக அந்தக் குழாய்க்குள் வந்து, நசுக்கிய வாயில் சொட்டியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி சூடேறி நின்றதற்கு "தெர்மோஸ்டாட் சார்" என்று இன்னொரு பில். ஆயில் கூலர் உள்ள ரேடியேட்டரை வைத்தே மாற்றுவதானால் முதலில் அதைப் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும், பிறகு இரண்டு போர்ட்டுக்கும் மரையோடு சரியான பிளக் போட வேண்டும். பிளையர் பிளக் ஆகாது.

இனி மாற்றும் வேலைக்கு வருவோம். கியர்பாக்ஸை மட்டும் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள், காரணம் இந்த வேலையில் கியர்பாக்ஸ் பாதிகூட இல்லை. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் முனையில் இருப்பது ஃபிளெக்ஸ் பிளேட், ஒல்லியான தகடு. அது போய், கிளட்ச் உட்காரும் கனமான சக்கரமான பிளை வீல் வர வேண்டும். பிளை வீலோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபோர்க், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், குழாய். மேனுவல் மாடலின் பெடல் செட். கியர் லீவரும் அதன் அடியை மூடும் உறையும். கியர்பாக்ஸ் மவுண்டிங், அதைத் தாங்கும் கிராஸ் மெம்பர். அளவு வேறானால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களின் பக்கம் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். மேனுவலுக்கான வயரிங், மேனுவலுக்கான ஈ.சி.எம். (எஞ்சின் கம்ப்யூட்டர்) அல்லது அதே ஈ.சி.எம்.மில் மேனுவல் புரோகிராம். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டின் ரிங் கியரும் பிளை வீலின் ரிங் கியரும் ஒரே இடத்தில் உட்காரும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பல் வளையம் அந்தத் தகட்டிலேயே இருக்கும். தகட்டோடு அதுவும் போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

இறக்கியபோது கண்டது இது. பிளை வீலை மாட்டியிருந்தது பழைய ஃபிளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டுகளால். தகடு ஒல்லி, போல்ட்டும் குட்டை. பிளை வீலின் நடுப்பகுதி அதைவிடத் தடிமன் என்பதால் போல்ட் கிராங்குக்குள் சில மரை மட்டுமே பிடித்திருந்தது. இரண்டு போல்ட்டைக் கையாலேயே சுற்ற முடிந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் இது கழன்றால் பிளை வீல் தன்னை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அதற்கு நேர் மேலே டிரைவரின் கால். மேனுவல் மாடலுக்கான போல்ட், அதுவும் புதிது, கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்), டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும்.

கிராங்க் முனையில் பைலட் பேரிங்கும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கு அது தேவைப்படாது, அதனால் ஆட்டோமேட்டிக் எஞ்சினில் பல நேரம் அந்தக் குழி காலியாக இருக்கும். மேனுவலில் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி அதில்தான் உட்கார்ந்து சுற்றும். அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஆடும், கிளட்ச் பிளேட் ஒரு பக்கம் தின்னும், முன் பேரிங் கத்தும், கியர் கழலும். மொத்தச் செலவில் காலணா பெறாத சாமான் இது. விட்டுப்போனதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது, தெரியவில்லை என்பதுதான் காரணம். எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் இரண்டு டோவல் பின் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. கியர்பாக்ஸை மையத்தில் நிறுத்துவது டோவல், போல்ட் பிடிக்க மட்டும்தான். பெல் ஹவுசிங்கின் ஒரு காதில் விரிசல். கியர்பாக்ஸை ஜாக்கியில் நேராகத் தூக்கிச் சேர்க்காமல், போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் இப்படித்தான் விரியும்.

கிளட்ச் பிளேட் "புதுசு" என்று பில்லில் இருந்தது. ஹப்பில் கருப்பு ஸ்ப்ரே. சுரண்டினால் பழைய துரு. லைனிங் மட்டும் மாற்றி ரிவெட் அடித்த பிளேட். அதன் மேல் எஞ்சின் ஆயில் வேறு. கிராங்கின் பின் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது அந்த சீலை மாற்றுவது அரை மணி நேர வேலை. அப்போது விட்டால் பிறகு மறுபடி மொத்தமாக இறக்க வேண்டும்.

டேஷ்போர்டுக்குக் கீழே இன்னும் மோசம். ஆட்டோமேட்டிக்கில் லீவர் 'பி' அல்லது 'என்'-இல் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும், அதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. கியர்பாக்ஸோடு அது போய்விட்டதால், கனெக்டரின் இரண்டு பின்னை ஒரு துண்டு மஞ்சள் வயரால் சேர்த்துக் கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். விளைவு, கம்ப்யூட்டர் கணக்கில் வண்டி எப்போதும் நியூட்ரல். முதல் கியரில் நிற்கும் வண்டியில் குழந்தை சாவியைத் திருப்பினாலும் பாயும். கிளட்ச் பெடலில் ஸ்விட்ச் வைத்து, அதன் வழியாக ஸ்டார்ட்டர் சுற்று போக வேண்டும். சோதிப்பது சுலபம்: ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் மாடலில் ஸ்டார்ட்டர் சுற்றினால், யாரோ ஜம்பர் அடித்திருக்கிறார்கள். அடுத்து, சாவியை ஆன் மட்டும் செய்து மீட்டரைப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே கழற்றிவிட்டார்கள். இந்த வண்டியில் அதுவும் நடந்திருந்தது. ஸ்கேனர் போட்டதும் யு0101 வந்தது, டி.சி.எம். பேசவில்லை என்று அர்த்தம். இல்லாத கம்ப்யூட்டர் எப்படிப் பேசும்? ஈ.சி.எம்.முக்கு மேனுவல் புரோகிராம் ஏற்றாமல் விட்டால், அது இல்லாத பெட்டியைத் தேடித் தேடிச் சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம். மாற்று ஈ.சி.எம். வாங்கிப் போட்டால் சாவியின் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரோடும் சேர்க்க வேண்டும்.

டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவும். 2.8 லிட்டர் எஞ்சின் ஒன்றே, ஆனால் கம்பெனி ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கிறது, மேனுவலுக்கு 420. ஆட்டோமேட்டிக்கின் புரோகிராமை அப்படியே விட்டு மேனுவல் கியர்பாக்ஸைப் பூட்டினால், 420-க்குத் தேர்ந்த கிளட்ச் 500-ஐத் தாங்க வேண்டியிருக்கும். "இன்னும் பவரா ஓடும் சார்" என்பார்கள். லோடு ஏற்றிப் பாலத்தில் ஏறும்போது வழுக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால், முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஸ்ப்லைனை (இணைப்புத் தண்டின் பல் வரிகளை) எண்ணிப் பாருங்கள், ஆட்டோமேட்டிக்கோடு வந்தது மேனுவலோடு சேராமல் போகலாம். டிஃபரன்ஷியல் ரேஷியோவும் மாறலாம். பின்னால் மட்டும் மாற்றி முன்னால் அப்படியே விட்டால், ஃபோர் வீலில் போட்ட நிமிடம் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுக்கும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை அறுத்து ஒட்டினால் பேலன்ஸ் செய்த ரசீதைக் கேளுங்கள். நீளம் கூடினால் கியர்பாக்ஸின் பின் பேரிங்கை இடிக்கும், குறைந்தால் ஷாஃப்ட்டின் சறுக்கும் முனையான ஸ்லிப் யோக் போதுமான அளவு உள்ளே பிடிக்காது. ஆயிலில் "ஈ.பி. 90 ஊத்தியாச்சு" என்றால் நிறுத்தி, அது எந்த ஜி.எல். தரம் என்று கேளுங்கள். டிஃபரன்ஷியலுக்குரிய ஜி.எல்-5 வகை, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்குப் பல நேரம் ஆகாது. வண்டியின் கையேட்டில் சொன்ன கிரேடுதான், பெரும்பாலும் ஜி.எல்-4 75டபிள்யூ-90.

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பழைய கியர்பாக்ஸ் எடுப்பதானால் கூடவே போங்கள். நம்பர் சுரண்டியிருந்தால் தொடாதீர்கள், திருட்டு வண்டிச் சாமானாக இருக்கலாம். ஒவ்வொரு கியரிலும் போட்டுக் கையால் சுற்றுங்கள். டிரெய்ன் பிளக்கைக் கழற்றுங்கள்: காந்தத்தில் மாவு போல் தூள் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, துண்டு துண்டாக இருந்தால் வேண்டாம். இன்புட் ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு, பைலட் பேரிங் பிடித்தால் நின்றுவிடும். முன்னும் பின்னும் இழுபட்டால் பேரிங் போயிருக்கிறது. முடிந்தவரை ஒரே மாடல் மேனுவல் வண்டியிலிருந்து மொத்த செட்டாக எடுங்கள், பெடலில் இருந்து போல்ட் வரை. அப்படி செட் கிடைக்கவில்லையென்றால் ஆட்டோமேட்டிக்கை ஓவர்ஹால் செய்வதுதான் மலிவு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஓவர்ஹால் தெரிந்தவர்கள் குறைவு.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் கம்பெனி கொடுத்த விவரத்தோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பட்டறைக்காரர் "ஆர்.டி.ஓ. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றால், வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக் காட்டச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கடைசியாக, கழற்றிய சாமான். அந்த உரிமையாளரிடம் "பழைய பாக்ஸ் ஸ்கிராப் சார், இடத்த அடைக்குது, நாங்களே போட்டுடறோம்" என்றார்கள். டார்க் கன்வெர்ட்டர், வால்வ் பாடி, சாலினாய்டு செட், டி.சி.எம். எல்லாம் தனித்தனியாக விலை போகும் சாமான்கள். வண்டியை விடும் அன்றே கியர்பாக்ஸ் நம்பரைப் போட்டோ எடுத்து, "கழற்றிய அனைத்தும் திருப்பித் தரப்படும்" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி தயாரானதும் முதலில் அந்தப் பழைய பாக்ஸை பிக்கப்பின் பின்னால் ஏற்றச் சொல்லி, நம்பரைப் போட்டோவோடு ஒப்பிட்டு, பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.